பழைய மினி டிராக்டரில் பேட்டரி, செல்ஃப், லைட் கோளாறு: இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை கடலை ஒட்டிய ஊர்களில் தென்னந்தோப்பு உழவுக்கும், மிளகாய்க் காட்டுக்கும், உப்பு மூட்டை ஏற்றிய டிரெய்லர் இழுக்கவும் ஓடுகிற சின்ன டிராக்டர்களில் நிறைய வண்டி பழசு. இரண்டு மூன்று கை மாறி வந்தவை. என்ஜினில் குறை இருக்காது. காலையில் சாவியைத் திருப்பினால் மட்டும் சத்தம் வராது. உடனே பேட்டரியை மாற்றுவார்கள், அப்புறம் செல்ஃப் மோட்டாரை மாற்றுவார்கள். பணம் போன பிறகுதான் ஒரு துருப்பிடித்த போல்ட் கண்ணில் படும்.

என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். எல்லாம் 12 வோல்ட் டீசல் வண்டிக்கானது. சாமான் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை அளந்து பாருங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது.

கையில என்னென்ன சாமான் இருந்தா நானே பார்த்துக்கலாம்?

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், கம்பி பிரஷ், உப்புத்தாள், 10, 12, 13 நம்பர் ஸ்பேனர். இது போதும். டெஸ்ட் லேம்ப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இண்டிகேட்டருக்குப் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு நீள ஒயரும் நுனியில் கிளிப்பும் வைத்தால் முடிந்தது.

மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்பார்கள். மீட்டர் கரண்டை இழுக்காது. நூல் மாதிரி ஒரே ஒரு செம்புக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர் கேட்கும். உளுத்துப்போன ஒயரால் அதைக் கொடுக்க முடியாது, பல்பு மங்கும். நம் பக்கத்துக் கோளாறுகளில் இந்த வித்தியாசம் தெரிந்தாலே நிறைய வேலை மிச்சம்.

மீட்டர்ல 12 வோல்ட் காட்டுது. அப்புறம் ஏன் பேட்டரி டவுன்னு சொல்றீங்க?

12 வோல்ட் பேட்டரியில் 12 காட்டினால் அது பசியோடு இருக்கிறது என்று பொருள். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் ஆன பிறகு, எதுவும் எரியாதபோது அளக்க வேண்டும். 12.6க்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 வந்துவிட்டால் கால் பங்குதான் மிச்சம்.

அடுத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி அதே நேரத்தில் பேட்டரி முனையில் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் குழாய்) போட்டு ஆறு அறையையும் பாருங்கள். ஐந்து அறை 1.25 காட்டி ஒன்று மட்டும் 1.15 காட்டினால் அந்த அறை போய்விட்டது. எத்தனை தடவை சார்ஜ் போட்டாலும் நிற்காது.

சாவியத் திருப்புனா ஒரு சத்தமும் இல்ல. எங்கருந்து ஆரம்பிக்கிறது?

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். லைட் மொத்தமாக அணைந்தால் பேட்டரி முனையிலோ எர்த் ஒயரிலோ (பேட்டரியில் இருந்து வண்டி இரும்புக்குப் போகும் ஒயர்) பிடி இல்லை. லைட் நன்றாக மங்கினால் கரண்ட் செல்ஃப் வரை போகிறது. பேட்டரி பலம் போதவில்லை, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. லைட் அசையவே இல்லை என்றால் சோலனாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) சிக்னலே போகவில்லை.

கடைசி வகைதான் அதிகம் குழப்பும். சோலனாய்டில் உள்ள சின்ன முனையில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எரியவில்லையா? பின்னோக்கிப் போங்கள்: கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், பி.டி.ஓ. (கருவிகளைச் சுற்ற வைக்கும் தண்டு) சுவிட்ச், சாவி சுவிட்ச், பியூஸ். கிளட்ச்சை முழுசாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகள் உண்டு. மிதியடியின் கீழே அந்தச் சுவிட்ச் சேறும் உப்பும் அப்பிக் கிடக்கும்.

'டிக் டிக் டிக்'னு வேகமா அடிக்குது, ஆனா என்ஜின் சுத்தல. சோலனாய்டு போச்சா?

பெரும்பாலும் இல்லை. சோலனாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்ட் விழுகிறது, சோலனாய்டு விடுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் அது. காரணம் இறங்கிய பேட்டரி, அல்லது பிடிப்பில்லாத இணைப்பு.

ஒரே ஒரு கனமான 'டக்' மட்டும் கேட்டு நின்றுவிட்டால் அது வேறு கதை. சோலனாய்டு உள்ளே இருக்கிற செம்பு காண்டாக்ட் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், என்ஜினே இறுகியிருக்கலாம். முதலில் ஸ்பேனர் போட்டு கிராங்க் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். என்ஜின் சுற்றினால் மட்டும் செல்ஃப்பைக் கழற்றுங்கள். காண்டாக்டும் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்கும். மொத்த மோட்டாரையும் மாற்றத் தேவையில்லை.

எல்லாத்துக்கும் எர்த் எர்த்னு சொல்றீங்களே, எர்த்த எப்படிச் சோதிக்கிறது?

பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் இரும்புக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். டி.சி. வோல்ட்டில் இருக்கட்டும். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் 0.3 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் எங்கோ கரண்ட் மாட்டுகிறது. இதேபோல் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் கனத்த போல்ட்டுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். அங்கேயும் அரை வோல்ட்தான் எல்லை.

இவ்வளவு சின்ன எண்ணுக்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? சின்ன டீசல் என்ஜினைச் சுற்ற 200 ஆம்பியர் அளவுக்குக்கூடப் போகும். அந்த ஓட்டத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே சூடாகப் போய்விடும். மீட்டரின் ஓம் அளவில் 0.01 சரியாகத் தெரியாது. அதனால்தான் ஒயரைக் கழற்றி, பீப் சத்தம் கேட்டு 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்பவர்கள் ஏமாறுகிறார்கள். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளியே வரும்.

தடை இருக்கிறது என்று தெரிந்ததும் மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். முதலில் ஈய முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே, பிறகு கிளாம்புக்கும் ஒயர் லக்குக்கும் (ஒயர் நுனியில் அடிக்கும் வளையம்), பிறகு லக்குக்கும் சேஸிஸுக்கும், கடைசியாக சேஸிஸுக்கும் என்ஜினுக்கும். எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். முதலிலேயே தடவிவிட்டு இறுக்க வேண்டாம்.

உப்புக் காத்து உண்மையிலேயே ஒயருக்குள்ள போகுமா? மேல ரப்பர் இருக்கே?

போகும். மண்டபம் பக்கத்துத் தோப்பு வண்டி ஒன்றின் நெகட்டிவ் ஒயர் வெளியே புதுசு மாதிரி வழவழப்பாக இருந்தது. லக்கை ஒட்டிக் கத்தியால் கீறியதும் பச்சைப் பொடி கொட்டியது. அங்கிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கருத்து, விரலால் நசுக்கினாலே ஒடிந்தது. ஒயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக உப்பு ஈரம் ஏறிப்போகும். மேலே உள்ள ரப்பர் அதைத் தடுக்காது, உள்ளேயே பூட்டி வைக்கும்.

எனவே லக்கை மட்டும் புதிதாக அடித்தால் போதாது. செம்பு தன் நிறத்தில் மினுங்கும் இடம் வரை ஒயரை வெட்டுங்கள். அதற்கு நீளம் போதாவிட்டால் முழு ஒயரையும் மாற்றுங்கள். தகரம் பூசிய வெள்ளை நிற இழை ஒயர் கிடைத்தால் கடலோரத்துக்கு அதுவே நல்லது. லக்கை நன்றாக நசுக்கி, சூடுபட்டால் சுருங்குகிற டியூப், அதிலும் உள்ளே பசை உள்ள வகை, போட்டு மூடுங்கள். முறுக்கிவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் வெயிலுக்கு நிற்காது. பசை உருகி வழிந்து, டேப் அவிழ்ந்து, உப்பு உள்ளே போகும்.

டெர்மினல்ல வெள்ளையாவும் பச்சையாவும் பூக்குது. வெந்நீர் ஊத்துறது சரியா?

பூத்தது கரையும், ஆனால் அமிலம் எங்கெல்லாம் வழிகிறதோ அங்கெல்லாம் அரிக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து, பேட்டரி மூடிகளை இறுக்கிவிட்டு, பிரஷ்ஷால் தடவுங்கள். நுரைத்து அடங்கும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். சோடா ஒரு சொட்டுகூட பேட்டரிக்குள் போகக் கூடாது.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாமல் இருக்க இந்த வரிசை. கையில் மோதிரம், காப்பு, வாட்ச் இருந்தால் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள். இதை நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

பேட்டரிக்கு எங்க கிணத்துத் தண்ணி ஊத்தலாமா? கேன் தண்ணி சுத்தம்தானே?

இரண்டும் வேண்டாம். நம் கடற்கரைக் கிணற்றில் உப்பு உண்டு. அதில் உள்ள குளோரைடு தகடுகளைத் தின்னும். குடிக்கிற கேன் தண்ணீரிலும் தாது உப்பு இருக்கிறது. பேட்டரிக்கென்று விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். தகடு மூழ்கும் அளவு, குறியைத் தாண்டாமல். குறைந்தது தண்ணீர்தான், எனவே அமிலம் ஊற்றி நிரப்பாதீர்கள்.

பேட்டரியத் தரையில வச்சா சார்ஜ் இறங்கிடும்னு சொல்றாங்களே?

இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. சிமெண்ட் தரையிலும் வைக்கலாம்.

புது பேட்டரி போட்டும் ரெண்டு நாள்ல இறங்கிடுது. டூப்ளிகேட்டா குடுத்துட்டாங்களா?

கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் இரண்டு சோதனை. முதலாவது, சார்ஜ் ஏறுகிறதா? என்ஜினை ஓட்டி, நடுத்தர வேகத்தில் பேட்டரி முனையில் அளந்தால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். நிறுத்தியிருந்தபோது காட்டிய அதே 12.5 காட்டினால் ஏறவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்னேட்டரின் (என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தருவது) பின்னால் உள்ள கனத்த ஒயரில் களிம்பு ஏறியிருக்கிறதா பாருங்கள். சாவி போட்டதும் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்பதும் முக்கியம். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரை எழுப்புகிற சின்னக் கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. ஒரு சின்னப் பல்பு பீஸ் போனதால் ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, சும்மா நிற்கும்போது கசிகிறதா? சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டியில் எண் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.05 ஆம்பியருக்கு மேல் இருந்தால் பியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எந்தப் பியூஸை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழி. எல்லாப் பியூஸும் எடுத்தும் விழவில்லையா? ஆல்டர்னேட்டர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடு கெட்டால் பேட்டரி இரவெல்லாம் அதன் வழியாக வடியும். பிறகு மாட்டிய பாட்டுப் பெட்டி, போன் சார்ஜர் இவற்றையும் மறக்க வேண்டாம். பியூஸைத் தாண்டி நேராக பேட்டரியில் கொடுத்திருப்பார்கள்.

சார்ஜ் ஏறுதான்னு பார்க்க, ஓடும்போது பேட்டரி ஒயரக் கழட்டிப் பார்க்கச் சொன்னாரே எங்க மெக்கானிக்?

ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் செய்யவே கூடாது. பேட்டரி திடீரென விலகியதும் வோல்ட் எகிறும். டையோடு, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், எரிந்துகொண்டிருக்கும் பல்பு எல்லாம் அந்த நொடியில் போகலாம். டீசல் என்ஜின் பேட்டரி இல்லாமலும் ஓடும். எனவே அது நிற்காமல் ஓடுவதை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மேலே சொன்ன மாதிரி மீட்டர் வைத்துப் பாருங்கள்.

எங்க வண்டியில ஆல்டர்னேட்டர் இல்ல, பழைய டைனமோதான். அதுக்கும் இதேதானா?

கொஞ்சம் வேறு. டைனமோ வண்டியில் கட்-அவுட் (பேட்டரிக் கரண்ட் டைனமோவுக்குத் திரும்பாமல் துண்டிப்பது), ரெகுலேட்டர் பெட்டி தனியாக இருக்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் ஏற்றாது, லைட் மங்கும், அது இயல்பு. நிறுத்திய பிறகும் டைனமோ சூடாகி பேட்டரி இறங்கினால் கட்-அவுட் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. அதை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் துடைக்கலாம். வெகுநாள் நின்ற பிறகோ, கழற்றி மாட்டிய பிறகோ சார்ஜே ஏறவில்லை என்றால் உள்ளே இருக்கும் காந்தம் இறங்கியிருக்கலாம். டைனமோவில் 'எஃப்' என்று குறித்த முனையில் உள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையில் இருந்து ஓரிரு விநாடி அந்த முனையைத் தொட்டு எடுத்தால் திரும்ப எழும்பும்.

மிகப் பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பாசிட்டிவ் முனை பாடிக்குப் போயிருக்கும். புது பேட்டரி மாட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில சின்ன என்ஜின்களில் காந்தம் வைத்த டைனமோவும், தனியாக அலுமினிய ரெகுலேட்டரும் இருக்கும். டைனமோவில் இருந்து ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் வரும். அதை ஏ.சி. வோல்ட்டில் அளக்க வேண்டும். வேகம் கூடும்போது எண்ணும் கூடினால் டைனமோ நன்று. ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பாருங்கள்.

ஹெட்லைட் பல்பு மாசா மாசம் பீஸ் போகுது. நல்ல கம்பெனி பல்புதான் போடுறேன்.

ஓடும்போது பேட்டரி முனையில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறைவதும், அழுகிய முட்டை நாற்றம் வருவதும் அதற்குச் சாட்சி. வோல்ட் சரியாக இருந்தால் பேட்டரி இணைப்பு ஓடும்போது விட்டு விட்டுப் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது என்று மேலே சொன்னேனே, தளர்ந்த கிளாம்ப் அதே வேலையைத் தானே செய்கிறது.

பியூஸ் போய்க்கிட்டே இருக்கு. செம்புக் கம்பி வச்சுக் கட்டிட்டா நிக்குமா?

நிற்கும். பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். காய்ந்த மட்டையும் பன்னாடையும் கிடக்கும் தோப்புக்குள் வண்டியில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட், சுமார் 9 ஆம்பியர். அதற்கு 15 ஆம்பியர் பியூஸ் தாராளம்.

எங்கே ஷார்ட் என்று தேட ஒரு சுலப வழி. பியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஸ்ட் லேம்ப்பை மாட்டுங்கள். அந்த வழியில் உள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு சுவிட்ச்சைப் போடுங்கள். லேம்ப் பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இனி ஒயர்க் கட்டை முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு இடமாக அசையுங்கள். எந்த இடத்தைத் தூக்கியதும் லேம்ப் அணைகிறதோ அங்கே ஒயர் இரும்பில் உரசுகிறது. மட்கார்டு விளிம்பு, ஸ்டியரிங் தண்டு, சைலன்சர் பக்கம் முதலில் பாருங்கள். நிழலுக்காகத் தோப்புக்குள் நிறுத்தும் வண்டியில் எலி கடித்த ஒயரும் உண்டு.

இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேர்ந்து மினுங்குது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு அண்ணே!

பின் விளக்குக்கு எர்த் போகவில்லை. கரண்ட் திரும்பிப் போக வழி கிடைக்காமல் பக்கத்துப் பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போகிறது. அதனால் சம்பந்தமில்லாதது எரிகிறது. விளக்குப் பெட்டியின் இரும்பில் இருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். உடனே சரியானால் அதுதான்.

டிரெய்லர் விளக்கு என்றால் கொக்கி வழியாக எர்த் போகும் என்று நம்பாதீர்கள். கிரீஸும் துருவும் அதைத் தடுக்கும். சாக்கெட்டில் எர்த்துக்குத் தனி ஒயர் போட்டுவிடுங்கள். இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விளக்கில்லாத டிரெய்லர் போவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் பிளக் எதுக்கு? கழட்டி விட்டுட்டேன்.

திரும்ப மாட்டுங்கள். தனி அறைக்குள் டீசலை அடிக்கிற சின்ன என்ஜின்கள் வெயில் ஊரிலும் காலை முதல் ஸ்டார்ட்டுக்கு அந்தப் பிளக் தரும் சூட்டைக் கேட்கும். அது இல்லாமல் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால் பேட்டரியும் மோட்டாரும் தேயும். அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் வருகிறது, சூடு போதவில்லை. மேலே உள்ள இணைப்புப் பட்டையைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப்பின் ஒரு கிளிப்பை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதைப் பிளக் நுனியிலும் வையுங்கள். எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. நேராக சிலிண்டருக்குள் டீசல் அடிக்கும் பழைய என்ஜின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே இருக்காது. அப்படிப்பட்ட வண்டிக்காரர் தேட வேண்டாம்.

காலையில நல்லா எடுக்குது. ரெண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தினா செல்ஃப் எடுக்கல, ஆறினதும் எடுக்குது.

சூட்டில் செம்பின் தடை ஏறும். ஏற்கெனவே அரைகுறையாக இருந்த இணைப்பு அப்போது கைவிடும். சூடாக இருக்கும்போதே எர்த் கேள்வியில் சொன்ன இரண்டு அளவையும் எடுங்கள். அவை சரியாக இருந்தால் சோலனாய்டின் சின்ன முனையில், சாவி திருப்பிய நிலையில், எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பேட்டரி முனையில் காட்டுவதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சாவி சுவிட்ச்சும் அந்த நீள ஒயரும் தளர்ந்துவிட்டன. நடுவே ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை விடும் சுவிட்ச்) போட்டால் சாவிக்கு வேலை குறையும், சோலனாய்டுக்கும் முழுக் கரண்ட் போகும்.

எல்லா அளவும் சரி, அப்போதும் எடுக்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரின் புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் உரசுகிறது. அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அவசரத்துக்கு ஸ்க்ரூ டிரைவர வச்சு ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ணிக்கலாமா? எல்லாரும் பண்றாங்களே.

பண்ணாதீர்கள். சோலனாய்டு இருக்கும் இடம் பின் சக்கரத்துக்கு முன்னால். அங்கே குனிந்து நின்று ஷார்ட் செய்யும்போது வண்டி கியரில் இருந்தால் பிடித்த உடனே நகரும். விலக நேரம் இருக்காது, சக்கரம் ஆள் மேல் ஏறிவிடும். கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் இருப்பதே இதற்காகத்தான். அந்தச் சுவிட்ச் கெட்டதால் ஒயரை நேராக இணைத்து வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். வேறொருவர், பையன்கள், சாவியைத் திருப்பும் நாள் வரும்.

கார் பேட்டரியில இருந்தோ, போட் பேட்டரியில இருந்தோ ஜம்ப்பர் குடுக்கலாமா?

12 வோல்ட்டாக இருந்தால் கொடுக்கலாம். லாரியின் 24 வோல்ட் கூடவே கூடாது. பாசிட்டிவோடு பாசிட்டிவ் முதலில். கொடுக்கும் பேட்டரியின் நெகட்டிவில் இருந்து வரும் ஒயரை, இறங்கிய பேட்டரியில் வைக்காமல், தள்ளி என்ஜின் இரும்பில் கடிக்க வையுங்கள். பொறி அங்கே விழட்டும். பாடிக்குப் பாசிட்டிவ் போகும் வண்டிக்கு இந்த முறை பொருந்தாது. பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் டையோடு போய்விடும்.

சாவிய ஆஃப் பண்ணினாலும் என்ஜின் நிக்க மாட்டேங்குது.

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது, டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். கேபிள் இழுத்து நிறுத்தும் வண்டி என்றால் இது ஒயரிங் கோளாறே இல்லை, கேபிளைப் பாருங்கள். டீசலை நிறுத்தவே தனி சோலனாய்டு வைத்த வண்டியில் இரண்டு வகை. ஒன்று கரண்ட் வந்தால் டீசலை நிறுத்தும், அதன் ஒயர் அறுந்தால் என்ஜின் நிற்காது. மற்றது கரண்ட் இருக்கும் வரை டீசலை விடும், அதன் ஒயர் அறுந்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. சாவி போட்டதும் பம்ப் பக்கம் 'டக்' கேட்கிறதா என்று காது கொடுங்கள்.

கலப்பையில வெல்டிங் வைக்கணும். வண்டியில மாட்டினபடியே வைக்கலாமா?

கழற்றி வைப்பதே நல்லது. முடியாவிட்டால் பேட்டரி நெகட்டிவையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிடுங்கள். வெல்டிங் எர்த்தை, பற்ற வைக்கிற இடத்துக்கு ஒட்டியே பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

பங்குனி, சித்திரையில வண்டி சும்மாதான் நிக்கும். ஆடியில எடுத்தா பேட்டரி செத்துப் போயிருக்கு.

வெயிலில் பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் பிடிக்காது. நிறுத்தும்போது நெகட்டிவைக் கழற்றிவிட்டு மாதம் ஒரு தடவை சார்ஜர் போடுங்கள். 50 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். ஐந்து நிமிஷம் என்ஜினை ஓட்டி நிறுத்துவது பலன் தராது. செல்ஃப் அடித்த செலவே திரும்ப ஏறாது.

உப்பளத்துக்கோ கடற்கரை மணலுக்கோ போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு போர் தண்ணீரால் கழுவினால் உப்பின் மேல் உப்புதான் ஏறும். நல்ல தண்ணீர் நம் பக்கம் எவ்வளவு அருமை என்று தெரியும். ஒரு குடம் போதும்: எர்த் போல்ட், செல்ஃப் பக்கத்து இரும்பு, பின் விளக்கு அடி. ஆல்டர்னேட்டருக்குள் பீய்ச்ச வேண்டாம். காய்ந்ததும் இணைப்புகள் மேல் வாசலின் தடவுங்கள்.

மொத்த ஒயரிங்கையும் மாத்தணும்னு சொல்றாங்க. பெரிய தொகை கேக்குறாங்க. மாத்தணுமா?

நடுவே நான்கைந்து இடத்தில் ஒயரை வெட்டிப் பாருங்கள், நுனியில் இல்லை, நடுவில். அங்கேயும் செம்பு கருத்திருந்தால் மாற்றுவதுதான் வழி. ஒட்டுப் போட்டால் அடுத்த மழைக்கு வேறு இடம் போகும். நடுவில் செம்பு மினுங்கினால் நுனிகளையும் எர்த்தையும் புதுப்பித்தால் போதும்.

மாற்றுவதாக முடிவு செய்தால் ஐப்பசி மழைக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். பழைய ஒயரைப் பிடுங்கும் முன் ஒவ்வொரு முனையையும் போட்டோ எடுத்து, எது எங்கே போகிறது என்று காகிதத்தில் எழுதி வையுங்கள். பேட்டரி நெகட்டிவில் இருந்து என்ஜினுக்கு ஒன்று, சேஸிஸுக்கு ஒன்று, பின் விளக்குக்கு ஒன்று என எர்த் ஒயர் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். பியூஸ் பெட்டியை மூடி உள்ளதாக, தரையில் இருந்து உயரத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் காசு கொடுக்கும் முன் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கண் முன்னாலேயே செல்ஃப் அடிக்கும்போது எர்த் அளவையும், ஓடும்போது சார்ஜ் அளவையும் எடுத்து அந்தக் காகிதத்தின் பின்னால் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் கோளாறு வந்தால் எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட அது வேண்டும்.